நம் கையால் ஓர் அலமாரி – 9: பின்பக்கத்திலிருந்து தொடங்குங்கள்

தட்டுகள் உட்கார்ந்துவிட்டன. கதவுகளையும் ஒருமுறை வைத்து அளவு பார்த்தாயிற்று. இந்தத் தொடரோடு கூடவே வந்தவர்கள் வீட்டில் இப்போது ஓர் அலமாரி வெறும் மரமாகச் சமையலறைச் சுவரோரம் நிற்கும். வீட்டில் இருப்பவர்களும் கேட்க ஆரம்பித்திருப்பார்கள்: "எப்பதான் பெயின்ட் அடிக்கப் போறீங்க? சாமானெல்லாம் இன்னும் எத்தனை நாள் தரையில கிடக்கும்?"

வீட்டு மரவேலைகள் பெரும்பாலும் கெடுவது இந்த இடத்தில்தான். பொறுமையாக அறுத்து, இழைத்து, கோத்தவர்கள் கடைசியில் அவசரப்பட்டு ஒரு டப்பா எனாமலும் ஒரு பிரஷ்ஷும் வாங்கிவந்து, ஒரே ஞாயிற்றுக்கிழமையில் வேலையை முடித்துவிடுகிறார்கள். அன்றைக்குப் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஐப்பசி மழை பிடித்ததும் கதவு சட்டத்தில் சிக்கும். கீழ் விளிம்பில் பெயின்ட் கொப்பளிக்கும். உள்தட்டில் வைத்த எவர்சில்வர் டப்பாவை எடுத்தால் அதன் அடியோடு வட்டமாகப் பெயின்ட்டும் பிய்ந்து வரும்.

இந்த மூன்றுக்கும் பெயின்ட்டைக் குறை சொல்லிப் பயனில்லை. எங்கிருந்து தொடங்கினோம், அடியில் என்ன செய்தோம், எவ்வளவு காயவிட்டோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. எனவே இந்த வாரம் நான் வற்புறுத்திச் சொல்வது ஒன்றே: அலமாரியின் பின்பக்கத்திலிருந்து தொடங்குங்கள். அடுத்து அடிப்பக்கம், அதற்கடுத்து உள்பக்கம். வருகிறவர்கள் பார்க்கும் முன்பக்கம் கடைசி.

காரணம் மரத்தின் குணத்தில் இருக்கிறது. வெட்டி, அறுத்து, பல வருடம் ஆன பிறகும் மரம் காற்றின் ஈரத்தை இழுப்பதும் விடுவதுமாகவே இருக்கும். ஈரம் ஏறும்போது பலகை அகலத்தில் உப்பும்; நீளத்தில் ஏறக்குறைய மாறவே மாறாது. பெயின்ட்டோ வார்னிஷோ இந்த ஈரத்தை முழுக்கத் தடுப்பதில்லை. அது ஏறி இறங்கும் வேகத்தைத்தான் குறைக்கிறது. முன்பக்கத்துக்கு மூன்று கோட்டு கொடுத்துவிட்டுப் பின்பக்கத்தை வெறும் மரமாக விட்டால், மழைக்காலத்தில் பின்பக்கம் மளமளவென்று ஈரம் குடிக்கும், முன்பக்கம் அப்படியே இருக்கும். ஒரு முகம் விரிந்து மறுமுகம் விரியாத பலகை வளையாமல் என்ன செய்யும்? கதவு கோணிக்கொண்டதும் மரம் சரியில்லை என்கிறோம், ஆசாரி பச்சை மரத்தைத் தலையில் கட்டிவிட்டார் என்கிறோம். நன்றாகக் காய்ந்த தேக்குகூட இப்படி ஒருபக்கம் மட்டும் மூடப்பட்டால் வளையத்தான் செய்யும். முன்பக்கத்துக்கு எத்தனை கோட்டோ அத்தனையும் பின்பக்கத்துக்கும் வேண்டும்.

நம் வீடுகளில் பின்பக்கத்துக்கு வேறு சங்கடமும் உண்டு. அலமாரியின் முதுகு பெரும்பாலும் வெளிச்சுவரையோ குளியலறைச் சுவரையோ ஒட்டித்தான் நிற்கிறது. மழைக்காலத்தில் சுவர் ஓதம் காக்கும். கரையானும் அந்த வழியாகத்தான் சத்தமில்லாமல் ஏறும். ஆகவே கரையான் மருந்து தடவுவதாக இருந்தால் பிரைமருக்கு முன்பே முதுகிலும் அடியிலும் தடவி, அதன் வாசனை அடங்கும்வரை காயவிடுங்கள். சுவருக்கும் முதுகுக்கும் இடையே ஒரு விரல் நுழையும் இடைவெளி இருக்கட்டும், காற்றுப் போய்வர.

அடிப்பக்கம் இதைவிட மோசம். வெள்ளிக்கிழமை வீடு கழுவும்போது தண்ணீர் போய் நிற்பது அலமாரிக் கால்களில்தான். காலின் வெட்டுமுகத்தை உற்றுப் பாருங்கள். மரம் உயிரோடிருந்தபோது வேரிலிருந்து தண்ணீரை மேலே ஏற்றிய நுண்குழாய்கள் அங்கே வாய் திறந்து நிற்கின்றன. தண்ணீர் பட்டால் அவை இன்றைக்கும் உறிஞ்சும். அலமாரியைக் கவிழ்த்துப் போட்டு அந்த முகத்தில் பிரைமரைத் தாராளமாகத் தடவுங்கள். சற்று நேரத்தில் பளபளப்பு மறைந்து மங்கிவிடும். பிரைமர் உள்ளே போய்விட்டது என்று அர்த்தம். மறுபடி தடவுங்கள். குடிப்பதை நிறுத்தி, ஈரம் மேலேயே தேங்கி நிற்கும் வரை விடாதீர்கள். காய்ந்த பிறகு அதன்மேல் எனாமல் கொடுத்து, கடைசியில் நான்கு காலுக்கும் ரப்பர் புஷ் மாட்டிவிட்டால், கழுவும் தண்ணீர் மரத்தைத் தொடாது. ஒரு மணி நேரம்கூட ஆகாத இந்த வேலையைத்தான் காசு கொடுத்துச் செய்யும் வேலைகளிலும் முதலில் விட்டுவிடுகிறார்கள்.

சட்டமும் நடுப்பலகையுமாகக் கதவு செய்கிறவர்களுக்கு ஒரு விஷயம். நடுப்பலகையைச் சட்டத்தின் காடிக்குள் பசை போடாமல் சும்மா நுழைத்து வைக்க வேண்டும் என்று முன்பே எழுதியிருந்தேன். அது உப்பவும் சுருங்கவும் இடம் வேண்டும் என்பதற்காக. சட்டத்தை இன்னும் பசையிட்டு இறுக்காதவர்கள், அதற்கு முன்பே நடுப்பலகையை வெளியே எடுத்து, காடிக்குள் மறையப் போகும் நான்கு விளிம்பிலும் பிரைமரும் ஒரு கோட்டு பெயின்ட்டும் கொடுத்துவிடுங்கள். கொடுக்காவிட்டால் சித்திரை வெயிலில் பலகை சுருங்கும்போது, இருபுறமும் பெயின்ட் படாத மரம் நூல் போலக் கோடாகத் தெரியும். இறுக்கி முடித்துவிட்டவர்கள் பங்குனி, சித்திரை வறட்சியில் பெயின்ட் அடிப்பது நல்லது. அப்போது பலகை சுருங்கி நிற்கும். காடியின் ஓரம்வரை பிரஷ் போகும்.

இனி உப்புத்தாள். 80-ல் தொடங்கி 120, பிறகு 180. பெயின்ட் அடிக்கப் போகும் மரத்துக்கு அதற்குமேல் வேண்டாம். வெறும் மரத்தை 320 போட்டுக் கண்ணாடியாக்கினால் பிரைமர் பிடித்துக்கொள்ள ஒன்றும் இருக்காது. 320-ஐ இரண்டு கோட்டுக்கு நடுவே லேசாகத் தேய்க்க வைத்துக்கொள்ளுங்கள். தாளை ஒரு மரக்கட்டையில் சுற்றிப் பிடித்து, மர ரேகை ஓடும் திசையிலேயே தேயுங்கள். வெறும் விரலால் அழுத்தித் தேய்த்தால் விரல் பட்ட இடமெல்லாம் குழியும். அந்தக் குழி எனாமல் பளபளப்பில் மிகத் தெளிவாகத் தெரியும்.

தேய்த்தது போதுமா என்று பகல் வெளிச்சத்தில் தீர்மானிக்காதீர்கள். இருட்டிய பிறகு அறை விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைப் பலகைமீது படுக்கவைத்தாற்போல் பிடித்து அடியுங்கள். இழைப்புளி போன தடம், பசை வழிந்து காய்ந்த திட்டு, ஆணித் தலையைச் சுற்றிய பள்ளம் எல்லாம் தத்தம் நிழலோடு எழுந்து நிற்கும். அங்கங்கே பென்சிலால் வட்டம் போட்டு வையுங்கள். மறுநாள் அந்த வட்டங்கள் மறையும்வரை தேய்த்தால் போதும். பசைத் திட்டுகளை மட்டும் உளியின் வாயால் சுரண்டியே எடுங்கள். அவற்றின்மேல் வார்னிஷோ சாயமோ உள்ளே இறங்காது. வெளுத்த திட்டாகவே நிற்கும்.

விளிம்புகளைக் கத்தி மாதிரி கூராக விடுவது நம்மிடம் ஒரு பெருமையாகிவிட்டது. பெயின்ட் அங்கே நிற்காது. ஈரமாக இருக்கும்போதே விளிம்பிலிருந்து இரண்டு பக்கமும் விலகிக்கொள்ளும். படலம் அங்கே மெலிந்துபோய், கை படப்பட முதலில் உரிவதும் அங்கேதான். 120 தாளால் விளிம்பை இரண்டு இழுப்பு இழுத்து, உள்ளங்கையில் உறுத்தாத அளவுக்கு மழுக்கிவிடுங்கள். பிறகு தூசு. துடைப்பத்தால் தட்டினால் போதாது. முதலில் உலர்ந்த பிரஷ், பிறகு டர்ப்பன்டைன் தொட்டுப் பிழிந்த துணி.

ஆணிக் குழிகளுக்கும் இடுக்குகளுக்கும் மக்கு வைக்கும் முன் ஒரு கோட்டு பிரைமர் அடித்துவிடுவதே முறை. வெறும் மரத்தில் வைத்தால் மக்கிலுள்ள எண்ணெயை மரம் குடித்துவிடும். மக்கு வறண்டு, கொஞ்ச நாளில் பொடியாக உதிரும். சுவருக்கு வாங்கி மிச்சமிருக்கும் வெள்ளை சிமென்ட் பட்டியை மரத்துக்குப் போடவே போடாதீர்கள். சுவர் அசையாது, மரம் அசையும். அந்தப் பட்டி கல்லாக இறுகி ஒரு மழைக்காலத்துக்குள் வெடித்துவிடும். பேக்கிங் பெட்டியைப் பிரித்து எடுத்த பைன் பலகையில் அலமாரி செய்தவர்கள் கணுக்களைக் கவனியுங்கள். அதிலிருக்கும் பிசின் எத்தனை கோட்டு வெள்ளை அடித்தாலும் பழுப்பாக மேலே வந்துவிடும். ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கை இரண்டு தரம் கணுவின்மேல் தடவிவிட்டால் அது உள்ளேயே அடங்கும்.

ப்ளைவுட்காரர்களுக்கு ஆபத்து ஓரங்களில் இருக்கிறது. கடையில் ஐ.எஸ். 303 என்றும் ஐ.எஸ். 710 என்றும் முத்திரை பார்த்திருப்பீர்கள். 303 என்பது சாதாரண உபயோகத்துக்கு. 710 என்பது மரைன் ப்ளை. சிங்க்குக்கு அடியில் வைப்பதற்கு இரண்டாவதுதான் வேண்டும். எந்த ரகமானாலும் அறுத்த ஓரத்தில் அடுக்கடுக்காக வெட்டுமுகம் தெரியும், சந்துகளும் இருக்கும். அங்கே மரப் பீடிங் ஒட்டிவிடுவது நிரந்தரமான வழி. முடியாவிட்டால் ஓரத்துக்கு மக்கு இழுத்து, தேய்த்து, கூடுதலாக ஒரு கோட்டு பிரைமர். எம்.டி.எஃப். பலகையின் ஓரத்தில் முதலில் தண்ணீர்ப் பிரைமரைத் தொடவே விடாதீர்கள். அது பஞ்சாக ஊறி உப்பிவிடும். எண்ணெய் பிரைமரோ அரக்கோ போட்டு அடைத்த பிறகுதான் மற்றது.

கதவுகளைக் கழற்றித் தரையில் படுக்கவைத்துத்தான் பெயின்ட் அடிக்க வேண்டும். நிற்கவைத்து அடித்தால் வழியும். ஒரு கட்டையில் நான்கைந்து ஆணிகளை மறுபுறம் முனை தெரிய அடித்து, அந்த முனைகளின்மேல் கதவை வையுங்கள். முதலில் பின்பக்கத்தை அடித்துவிட்டு, அது முழுக்கக் காயும்வரை காத்திராமல் ஆணி முனைகளில் திருப்பி வைத்து முன்பக்கத்தையும் அடிக்கலாம். உள்பக்கத்தில் விழும் சின்னப் புள்ளிகளை யாரும் பார்க்கப் போவதில்லை. இந்த ஓரிடத்தில் மட்டும் முன்பக்கத்துக்குச் சலுகை தரலாம்.

பிரஷ்ஷை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் முக்காதீர்கள். பெயின்ட்டைப் பலகையில் வைத்து, குறுக்கே பரப்பி, கடைசியாக ரேகை ஓடும் திசையில் பிரஷ் நுனியால் மட்டும் ஒரே இழுப்பில் இழுத்து விட்டுவிடுங்கள். இழுத்த இடத்துக்குத் திரும்பப் போவதுதான் கெடுதல். பாதி காய்ந்த எனாமலில் மறுபடி பிரஷ் பட்டால் மயிர்க்கோடு விழுந்து அப்படியே நின்றுவிடும். முதல் கோட்டில் கொஞ்சம் டர்ப்பன்டைன் கலந்து மெலிதாக்குங்கள். மெலிதாக மூன்று கோட்டு தரும் உறுதியைத் தடிமனான ஒரு கோட்டு ஒருக்காலும் தராது. தடித்த எனாமலில் மேலே ஆடை கட்டிவிடும். உள்ளே ஈரம் மாட்டிக்கொண்டு, பிறகு சுருக்கம் சுருக்கமாக மடியும்.

எங்கள் பகுதியில் பல வருடமாக வேலை பார்க்கும் பெயின்டர் ஒருவர், பொங்கலுக்கு முன் எல்லா வீட்டிலும் வேலை குவிந்து கிடக்கும்போதும் மாலை நாலு மணிக்குப் பிரஷ்ஷைக் கழுவி வைத்துவிடுவார். "இன்னும் வெளிச்சம் இருக்கே அண்ணே, ஒரு கதவு முடிச்சிடலாமே" என்றேன். "மார்கழிப் பனி சார். இப்ப அடிச்சா ராத்திரி ஈரம் மேல இறங்கும். காலையில பார்த்தா பளபளப்பு செத்துப்போய் சாம்பலா நிக்கும். அப்புறம் நீங்க பெயின்ட் மட்டம்னு சொல்வீங்க" என்றார். அவர் சொன்னதற்குமேல் நான் சேர்க்க ஒன்றுமில்லை. மழைநாளிலும் இதே கதைதான். ஸ்பிரே அடிக்கும் லாக்கர் வகைகள் இன்னும் மோசம். ஈரக்காற்றில் வெள்ளையாகப் பூத்துவிடும்.

எண்ணெய் எனாமலா, தண்ணீர் எனாமலா என்று பலர் கேட்டு எழுதியிருக்கிறீர்கள். எண்ணெய் எனாமல் காற்றிலுள்ள ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு இறுகுகிறது. தண்ணீர் எனாமலில் தண்ணீர் போனதும் அதிலுள்ள நுண்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் படலமாகின்றன. முன்னது கடினம் அதிகம், பாத்திரம் இடிபடும் இடத்துக்கு ஏற்றது. ஆனால் வெள்ளை எண்ணெய் எனாமலுக்கு ஒரு குணம் உண்டு: வெளிச்சம் படாத இடத்தில் மஞ்சளாகும். வெளிக்கதவு வெள்ளையாகவே இருக்க, மூடியே கிடக்கும் உள்பக்கம் மட்டும் பழுப்பேறிப் போவதைப் பழைய வீட்டு அலமாரிகளில் நீங்களே பார்த்திருப்பீர்கள். அதைப் புகைக் கறை என்று தேய்த்துத் தேய்த்துப் பார்ப்பார்கள், போகாது. உள்பக்கத்துக்கு நான் தண்ணீர் எனாமலைத்தான் சொல்வேன். மஞ்சளாகாது, மூடிய அலமாரிக்குள் வாசனையும் நாள்கணக்கில் தங்காது. அடியில் எண்ணெய் பிரைமர் இருந்தால் அது நன்றாகக் காய்ந்த பிறகு 320-ஆல் தேய்த்துவிட்டு அடியுங்கள்.

தேக்கிலோ பலாவிலோ செய்தவர்கள் ரேகை தெரிய வேண்டும் என்று ஆசைப்படுவது நியாயம். அவர்களுக்கு வார்னிஷ் இருக்கிறது, மெலமைன் இருக்கிறது, இன்னும் செலவழித்தால் பி.யூ. இருக்கிறது. எனக்கு மனம் போவது அரக்கின் பக்கம். புரசு, இலந்தை மரக்கிளைகளில் ஒட்டி வாழும் ஒரு சின்னப் பூச்சி தன்னைச் சுற்றிக் கட்டும் பிசின் அது. ஜார்க்கண்ட் காடுகளில் அதிகம் எடுக்கிறார்கள். ராஞ்சிக்குப் பக்கத்தில் நாம்கும் என்ற ஊரில் 1924-லேயே அரக்குக்கென்று தனி ஆராய்ச்சி நிலையம் வந்துவிட்டது. சுத்தப்படுத்திய அரக்கை மாத்திரைகளுக்கும் மிட்டாய்களுக்கும்கூட மேற்பூச்சாகப் பூசுகிறார்கள். செதிலாக வாங்கி ஸ்பிரிட்டில் ஊறவைத்து, பஞ்சைப் பழைய பருத்தித் துணியில் பொதிந்து, தொட்டுத் தொட்டுத் தேய்த்தால் தேக்கின் உள்ளிருந்தே ஒரு பொன்னிறம் எழும். சில நிமிடங்களில் காய்ந்துவிடும், கொஞ்ச நேரத்தில் வாசனையும் போய்விடும். புத்தக அலமாரிக்கும் துணி வைக்கும் இழுப்பறைகளுக்கும் அதற்கு நிகர் இல்லை. சமையலறைக்கு மட்டும் வேண்டாம். சூடான பாத்திரம் வைத்தாலோ தண்ணீர் நின்றாலோ வெள்ளை வளையம் விழும். தேக்கில் வார்னிஷ் அடிப்பவர்கள், அடிப்பதற்குச் சற்று முன் தின்னர் தொட்ட துணியால் ஒருமுறை துடைத்துவிடுங்கள். தேக்கின் இயற்கை எண்ணெய் மேலே இருந்தால் வார்னிஷ் காயாமல் பிசுபிசுக்கும்.

இதில் உயிர் சம்பந்தப்பட்ட விஷயங்களும் இருக்கின்றன, அவற்றைத் தயவுசெய்து தள்ளிவிட்டுப் போகாதீர்கள். ஆளி விதை எண்ணெயோ எண்ணெய் வார்னிஷோ துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறியக் கூடாது. அந்த எண்ணெய் காயும்போது சூடு உண்டாகும். சுருட்டிய துணிக்குள் சூடு வெளியேற வழியில்லாமல் ஏறிக்கொண்டே போய், தீக்குச்சி இல்லாமலே துணி தானாகப் பற்றிக்கொள்ளும். துணியை வெளியே தனியாக விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீரில் முக்கி வைத்து அப்புறப்படுத்துங்கள். இரண்டு டப்பாவாக வரும் பி.யூ.-வின் கெட்டிப்படுத்தும் திரவம் நுரையீரலுக்குக் கேடு. அதை வீட்டுக்குள் ஸ்பிரே அடிக்கும் வேலையை உரிய முகமூடியும் காற்றோட்டமான இடமும் வைத்திருப்பவர்களிடம் விட்டுவிடுங்கள்.

மற்றொன்று ஈயம். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவிலோ, இடித்த வீட்டுச் சாமான் விற்கும் இடங்களிலோ பழைய கதவுகள் வாங்கி அலமாரியாக்குபவர்கள் பெருகியிருக்கிறார்கள். நல்ல பர்மா தேக்கு கிடைக்கும், சந்தோஷம்தான். ஆனால் அதன்மேல் இருக்கும் பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். வீட்டு பெயின்ட்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்கைத் தாண்டக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2016-ல் வந்து, 2017 நவம்பர் 1 முதல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயின்ட்டை உலர்வாக உப்புத்தாளால் தேய்த்தால் தூசு வீடெங்கும் பரவும். அது குழந்தைகளின் மூளை வளர்ச்சியையே பாதிக்கும். தண்ணீர் தெளித்து ஈரமாகவே சுரண்டுங்கள், உரிந்ததைத் தாள் விரித்துச் சேகரியுங்கள். சின்னக் குழந்தைகளும் கர்ப்பிணிகளும் இருக்கும் வீட்டில் அந்த வேலையைச் செய்யவே வேண்டாம். வெளியில் எடுத்துப்போய் முடித்துக்கொண்டு வாருங்கள். புதிதாக வாங்கும் டப்பாவிலும் ஈயம் பற்றி என்ன அச்சிட்டிருக்கிறது என்று படித்துப் பார்த்து வாங்குங்கள்.

கடைசிக் கோட்டு அடித்த மறுநாள் தொட்டால் கையில் ஒட்டாது. அதைப் பார்த்து ஏமாந்துவிட வேண்டாம். கதவின் மேல் விளிம்பில், யாரும் பார்க்காத இடத்தில், கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள். நகம் பதிந்தால் உள்ளே இன்னும் இறுகவில்லை. வெயில் காலத்தில் ஒரு வாரமாவது ஆகும், மழைக்காலத்தில் அதற்கும் மேல். அதுவரை கதவை மாட்டி மூட வேண்டாம், தட்டில் பாத்திரம் அடுக்க வேண்டாம். அலமாரியைத் திறந்தபடியே விட்டுவையுங்கள். உள்ளே காற்று ஓடினால்தான் பெயின்ட் இறுகும்.

அடுத்த வாரம் கீலும் கைப்பிடியும் மாட்டப் போகிறோம். நகம் பதியாத கதவுகளோடு வாருங்கள். இன்னும் பதிகிறது என்றால் அந்த இதழை எடுத்து வைத்துக்கொண்டு, காய்ந்த பிறகு தொடங்குங்கள்.